ஏர்ஷோவுக்கு லென்ஸ் தேடி நான் பட்ட பாடு

இரண்டு நாள் ஏர்ஷோ, இரண்டு நாள் லீவு, 2,300 படம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது தேறியது 41. அந்த 41-லும் பாதி, "சரி, விமானம் என்றாவது தெரிகிறதே" ரகம்தான். இதற்கு அரை மாதச் சம்பளத்துக்கும் மேல் கரைந்திருந்தது. கூட நின்று சொல்லித்தர ஆள் கிடையாது. தனியாகப் போனேன், தனியாக நின்றேன், தனியாகவே சொதப்பினேன். எங்கே எப்படிச் சொதப்பினேன் என்பதை மறக்குமுன் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஏர்ஷோவுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர் யாராவது படித்தால் அவர் சம்பளமாவது தப்பிக்கும்.

என்னிடம் இருந்தது க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆர் ஒன்று (உள்ளே மிரர் வைத்த கேமரா; படம் பதிகிற சென்சார், 'ஃபுல் ஃபிரேம்' கேமராவில் இருப்பதைவிடச் சின்னது), அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் எஃப் 4-5.6 ரகத்தில் ஒரு 70-300 ஜூம். 18, 55, 300 என்பதெல்லாம் லென்ஸின் குவிய நீளம், மி.மீ. கணக்கில்; எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சின்னது, வெளிச்சம் குறைவு. ஏர்ஷோ அறிவிப்பு வந்ததும் என் மண்டையில் ஓடிய கணக்கு ஒன்றே ஒன்று: விமானம் தூரத்தில் பறக்கும், ஆகவே நீளமான லென்ஸ் வேண்டும். 300 பத்தாது, 600 வேண்டும். 600 வரை போகிற லென்ஸ்களின் விலையைப் பார்த்தேன், பார்த்த வேகத்தில் மூடினேன். அப்போதுதான் டெலிகன்வெர்ட்டர் கண்ணில் பட்டது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற குட்டையான வளையம், உள்ளே சில கண்ணாடிகள். இரண்டு மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால் 300 என்பது 600 ஆகிவிடும், விலையோ பெரிய லென்ஸில் கால்வாசி கூட இல்லை. உலகத்தில் எல்லோரும் ஏமாந்துபோய் லட்சக்கணக்கில் கொடுத்து லென்ஸ் வாங்குகிறார்கள், நான்தான் கெட்டிக்காரன் என்று தோன்றியது. என் கேமரா கம்பெனியின் சொந்தக் கன்வெர்ட்டர் இந்த 70-300-இல் பொருந்தவே பொருந்தாது என்று போட்டிருந்தது. வேறு கம்பெனியுடையது பொருந்தும் என்றார்கள். லென்ஸைச் செய்தவனே வேண்டாம் என்கிறானே, ஏன் என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பார்சல் வந்த அன்று மாட்டி, ஜன்னல் வழியே எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகப் பார்த்து மகிழ்ந்து, திரும்பப் பெட்டியில் வைத்தேன். ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

முதல் நாள், முதல் ஜெட். ஓடுபாதை முனையிலிருந்து கிளம்பிய சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. கேமராவைத் தூக்கி ஷட்டரைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் உள்ளே 'க்ர்ர்' என்று ஒரு கோடிக்குப் போனது, மறுபடி 'க்ர்ர்' என்று இந்தக் கோடிக்கு வந்தது. ஃபோகஸ் எங்கும் நிற்கவில்லை. திரும்ப அழுத்தினேன், திரும்ப அதே. அதற்குள் விமானம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்தது வந்தது, அதற்கும் அதே கதை. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் நின்றவர்களின் கேமராக்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கிண்டலாகக் கேட்டது.

கெட்டுப்போனது எதுவும் இல்லை. இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் நீளத்தை இரட்டிப்பாக்கும்போது வெளிச்சத்தில் நான்கில் மூன்று பங்கை எடுத்துக்கொள்கிறது, அதாவது இரண்டு ஸ்டாப் (வெளிச்சம் பாதியானால் அது ஒரு ஸ்டாப்). 300-இல் எஃப் 5.6 ஆக இருந்த என் லென்ஸ், 600-இல் எஃப் 11 ஆகிவிட்டது. டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் எஃப் 5.6 வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை தாங்கும். எஃப் 11-இல் அது குருடுதான். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் என்றால் ஒரு ஸ்டாப்தான் போகும், எஃப் 5.6 என்பது எஃப் 8 ஆகும். மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் இந்த விஷயத்தில் தாராளம். ஆனாலும் வேகம் குறையும், கூர்மையும் குறையும். எஃப் 2.8 அல்லது எஃப் 4 உள்ள நல்ல டெலி லென்ஸ் வைத்திருப்பவருக்குக் கன்வெர்ட்டர் நிஜமாகவே உபயோகம். எஃப் 5.6-இல் போய் முடிகிற மலிவு ஜூமுக்கு அது சுமை.

வேறு வழியில்லாமல் கையால் ஃபோகஸ் திருப்பி ஒரு நானூறு படம் எடுத்தேன். நம் பக்கமாக வரும் ஜெட்டை வ்யூஃபைண்டரில் பார்த்துக் கையால் ஃபோகஸ் பிடிப்பது பறக்கிற ஈயை இடுக்கியால் பிடிக்கிற மாதிரி. ஒன்றும் தேறவில்லை. மத்தியானம் பொறுமை போய், கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் 70-300-ஐ மாட்டினேன். அப்போது இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, காய்ந்த புல்வெளியில் காற்று வீசிக்கொண்டிருந்தபோது கேமராவின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு, அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று உரசுவது போலத் தாண்டின. கூட்டம் மொத்தமும் 'ஓ' என்றது. நான் நிமிர்ந்தபோது புகைக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று சென்சாரில் போய் ஒட்டிய தூசி அதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு படத்திலும் உண்டு. மற்ற படங்களில் தூசி தெரியாது, மரத்திலும் சுவரிலும் மறைந்துவிடும். ஏர்ஷோ படம் முக்கால்வாசி வெறும் வானம். நீலத்தின் மேல் சாம்பல் நிறப் பொட்டு பொட்டாக, அதுவும் எஃப் 11, எஃப் 13 என்று துளையைச் சுருக்கச் சுருக்க இன்னும் பளிச்சென்று தெரியும். மூன்று ராத்திரி உட்கார்ந்து பொட்டுகளை அழித்தேன். மைதானத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் இது. ஒரு கேமரா, ஒரு லென்ஸ். இரண்டாவது லென்ஸ் வேண்டும் என்றால் அது இன்னொரு கேமராவில் ஏற்கெனவே மாட்டியிருக்க வேண்டும். இரவல் வாங்கிய பழைய கேமராவானாலும் சரி, செல்போனானாலும் சரி.

இங்கே இன்னொன்று. அன்று சாயங்காலம் வெறும் 300-இல் எடுத்த ஐம்பது அறுபது படங்களில் தேறியவைதான் இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த உருப்படியான சரக்கு. அவற்றை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் விமானியின் ஹெல்மெட் தெரிகிறது. 600-இல் எடுத்ததில் விமானமே பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆனால் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அன்று இரவு கேமராவின் சின்னத் திரையில் விமானம் சிறிதாகத் தெரிந்ததும் மறுபடி அதே பேய் பிடித்துக்கொண்டது: 600 வேண்டும்.

கடை சாத்துவதற்குள் ஓடி, 150-600 ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வாடகை ஒருபுறம், முன்பணம் ஒருபுறம். கடைக்காரர் "இதுக்கு முன்னாடி இந்த லென்ஸ் யூஸ் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஓ, பண்ணியிருக்கேனே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலை லென்ஸைப் பையிலிருந்து எடுத்தபோதுதான் எடை உறைத்தது. இந்த ரக லென்ஸ்கள் இரண்டு கிலோ பக்கம் இருக்கும், கேமராவையும் சேர்த்தால் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் விமானம் வந்தது, ஜூம் வளையத்தைத் திருப்பினேன், அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். நல்லவேளை, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "தம்பி, லாக் போட்டிருக்கு பாருங்க" என்று கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டார். தலைகீழாகத் தொங்கவிடும்போது லென்ஸ் தானாக நீளாமல் இருக்க வைத்த பூட்டு. பூட்டைத் திறந்த பின் அடுத்த தொல்லை, என் பழைய லென்ஸுக்கும் இதற்கும் ஜூம் திரும்பும் திசை நேரெதிர். கேனான் லென்ஸும் நிக்கான் லென்ஸும் இப்படி எதிரெதிராகத்தான் திரும்பும். மற்ற கம்பெனிகள் சில அந்தப் பக்கம், சில இந்தப் பக்கம். பல வருடப் பழக்கத்தில் கை தானாக ஒரு பக்கம் போகும், லென்ஸ் மறுபக்கம் போகும். விமானத்தைப் பெரிதாக்க நினைத்துச் சிறிதாக்கிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் பழகி, 600-இல் வைத்துக் கண்ணை ஒட்டினால் வானம் தெரிகிறது. வெறும் வானம். விமானம் எங்கே? கண்ணை எடுத்துப் பார்த்தால் அதோ பறக்கிறது; மறுபடி வைத்தால் காணோம். க்ராப் சென்சாரில் 600 மி.மீ. காட்டுகிற அகலம் சுமார் இரண்டேகால் டிகிரி. முழு நிலவுகள் நாலைந்தை வரிசையாக ஒட்டிவைத்தால் நிரம்பிவிடும். அவ்வளவு சின்ன ஜன்னல் வழியாக மணிக்கு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டரில் போகிற ஒன்றைத் தேடுகிறோம். அனுபவப்பட்டவர்கள் தேடுவதில்லை. ஜூமைக் குறைந்த அளவில் வைத்து விமானத்தைப் பிடித்து, ஃபோகஸ் பூட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு, பின்தொடர்ந்தபடியே உள்ளே இழுக்கிறார்கள். பெரியவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இன்னொரு கண்ணை மூடவும் இல்லை. அவர் கேமராவில் இருந்தது 100-400. அதைப் பார்த்து எனக்கு முதலில் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒன்பது விமானங்கள் வைர வடிவில் அணிவகுத்து வந்தன. நிகழ்ச்சியின் உச்சமே அதுதான். 150 வரை வெளியே வந்துவிட்டேன், அதற்கு மேல் வெளியே வர லென்ஸில் இடம் இல்லை. என் படங்களில் ஏழு விமானம், ஆறரை விமானம், ஒரு ஓரத்தில் இறக்கை மட்டும் என்று இருக்கின்றன. ஒன்பதும் உள்ள படம் ஒன்றுகூட இல்லை. பையில் 70-300 சும்மா கிடந்தது.

இந்தக் கணக்கை முன்னாடியே போட்டிருந்தால் எல்லாமே தவிர்த்திருக்கலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பொருளின் நீளத்தை லென்ஸின் மி.மீ.-ஆல் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சார் மேல் அது எத்தனை மி.மீ. விழும் என்று கிடைக்கும். ஜெட் போர் விமானம் 15 மீட்டர் நீளம், தூரம் 500 மீட்டர் என்று வையுங்கள். 300 லென்ஸில் 9 மி.மீ., 400-இல் 12, 600-இல் 18. க்ராப் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. ஆக 400-லேயே பாதிப் படம் நிறைந்துவிடுகிறது. 600-இல் முக்கால் நிறைகிறது. கை கொஞ்சம் ஆடினால் மூக்கோ வாலோ வெட்டுப்படும். ஃபுல் ஃபிரேமின் அகலம் 36 மி.மீ., அதற்கு 600-தான் பாதிப் படத்தை நிறைக்கும். இதே கணக்கை அணிவகுப்புக்குப் போட்டால், 60 மீட்டர் அகலத்துக்கு விரிந்து 400 மீட்டர் தூரத்தில் வரும் கூட்டம் 150 லென்ஸில் 22.5 மி.மீ. விழும். க்ராப் சென்சாரின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. தலைக்கு மேல் நெருங்கி வந்து பிரியும்போது கேட்கவே வேண்டாம். விமானங்கள் எவ்வளவு தள்ளிப் பறக்கும் என்பதற்கும் விதி உண்டு. வேகமான ஜெட்கள் பார்வையாளர் கோட்டிலிருந்து 1500 அடி, அதாவது 450 மீட்டருக்கும் மேல் தள்ளியே சாகசம் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கும் நாடுகள் உண்டு. சின்ன ப்ரொப்பெல்லர் விமானங்களுக்கு அது குறையும்.

அதனால் இப்போது என்னைக் கேட்டால், க்ராப் சென்சார் வைத்திருப்பவருக்கு 100-400, அது இல்லையென்றால் கையில் இருக்கும் 70-300 தாராளமாகப் போதும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர் 150-600, 200-600 பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் அணிவகுப்புக்கு 70-200 மாதிரி ஒன்று இன்னொரு கேமராவில் தோளில் தொங்க வேண்டும். ஒரே நீளத்தில் நிற்கிற ப்ரைம் லென்ஸ் கூர்மையில் அசத்தும், ஏர்ஷோவுக்கு எனக்கு வேண்டாம். விமானம் புள்ளியாக வந்து, பெரிதாகி, மறுபடி புள்ளியாகிப் போகும். ஜூம் இல்லாமல் அந்த நடுவில் உள்ள இரண்டு வினாடி மட்டும்தான் நம்முடையது. எஃப் 2.8 வேண்டுமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளவும் வேண்டாம். பகல் வெயிலில் எல்லோரும் எஃப் 7.1, எஃப் 8 என்றுதான் வைக்கிறார்கள். மலிவு ஜூம்களுக்குக் கூர்மை அங்கேதான் கூடுகிறது. வேகமான ஃபோகஸ் மோட்டார் இருக்கிறதா என்று பார்த்து அதற்குக் காசு கொடுங்கள்.

ப்ரொப்பெல்லர் விஷயம் தனிச் சோகம். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/2000 வினாடி வைத்திருந்தேன், அது சரிதான். அதே அமைப்பில் பழைய ப்ரொப்பெல்லர் விமானங்களையும் எடுத்துத் தள்ளினேன். திரையில் பார்த்தபோது கத்தி மாதிரிக் கூர்மை, எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வீட்டில் பெரிதாகப் பார்த்தால் ப்ரொப்பெல்லர் அப்படியே நிற்கிறது. நூல் கட்டி வானத்தில் தொங்கவிட்ட பொம்மை! நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் வினாடிக்கு 40. 1/2000 வினாடியில் அது ஏழு டிகிரி சொச்சம்தான் நகரும், கண்ணுக்குத் தெரியாது. 1/160 வைத்தால் கால் சுற்று சுற்றிவிடும், அப்போதுதான் சுற்றுவது மாதிரித் தெரியும். ஹெலிகாப்டரின் பெரிய விசிறி இன்னும் மெதுவானது, நிமிடத்துக்கு 300 அளவில் சுற்றுவதற்கு 1/60 வரை இறங்க வேண்டியிருக்கும். இங்கேதான் லென்ஸ் தேர்வு திரும்ப வருகிறது. 1/160-இல் 600 மி.மீ.-ஐக் கையில் பிடித்து விமானத்தோடு சேர்ந்து சீராகத் திரும்புவது என்னால் ஆகவில்லை, இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. 300-இல் ஓரளவு வருகிறது. ஆட்டம் குறைக்கும் வசதியில், பக்கவாட்டுத் திருப்பலை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் தடுக்கிற நிலை பல டெலி லென்ஸ்களில் உண்டு. அதைத்தான் போட வேண்டும். நான் சாதாரண நிலையில் விட்டிருந்தேன். நான் ஒரு பக்கம் இழுக்க, லென்ஸ் ஒரு பக்கம் இழுத்தது.

மத்தியானம் ஓடுபாதையில் நகர்ந்த விமானங்களை 600-இல் எடுத்ததெல்லாம் தண்ணீருக்குள் இருந்து எடுத்த மாதிரி நெளிந்திருந்தன. வாடகை லென்ஸ் பழுது என்று முடிவே கட்டிவிட்டேன், கடைக்காரரிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் வசனம்கூடத் தயார். பழுது இல்லை, கானல். சூடான தார்த்தளத்தின் மேலே எழும் காற்று ஒளியை வளைக்கிறது. இடையில் இருக்கும் காற்று கூடக் கூட நெளிவும் கூடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. தரையில் இருப்பதைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும், மத்தியானம் வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். நிற்கிற இடமும் அப்படித்தான். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்காவிட்டால் எந்த லென்ஸில் எடுத்தாலும் கறுப்பு நிழல்தான் கிடைக்கும். மேகமூட்டமான வெள்ளை வானத்தில் கேமரா ஏமாந்து விமானத்தைக் கரியாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டிவைத்தால் அடிவயிறு தெரியும்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லென்ஸ் முனையில் மாட்டுகிற ஹூடின் ஓரத்தில் ஒரு விரிசல். எங்கே இடித்தேன் என்று எனக்கே தெரியாது. முன்பணத்தில் ஒரு பகுதி அங்கே போனது. எடுக்கும்போதே ஹூட், மூடி, கண்ணாடி எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே செல்போனில் படம் எடுத்திருந்தால் விரிசல் முன்பே இருந்ததா என்றாவது தெரிந்திருக்கும். வாடகைக்கு எடுப்பது தப்பில்லை, இனியும் அப்படித்தான் செய்யப்போகிறேன், வருடத்துக்கு ஒருமுறை வருகிற நிகழ்ச்சிக்குச் சொந்தமாக வாங்க என்னால் முடியாது. ஆனால் முந்தின நாள் ராத்திரி எடுக்கக் கூடாது. இரண்டு நாள் முன்பே எடுத்துத் தெருவில் போகிற வண்டி, பறக்கிற பறவை என்று எதையாவது துரத்திப் பழக வேண்டும். மறுநாள் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கன்வெர்ட்டரை விற்கப் பார்த்தேன். வாங்க வந்த ஒரு பையன் "70-300-க்குப் போடலாமாண்ணே?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன், வாங்காமல் போய்விட்டான். அது அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஏர்ஷோவுக்கு 100-400-க்குச் சொல்லி வைத்துவிட்டேன். 18-55 மாட்ட நண்பனிடம் பழைய கேமரா ஒன்று கேட்டிருக்கிறேன். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று 70-300-ஐ வைத்துக் காக்கைகளைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். எதிர்மாடிக்காரர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரும்போதெல்லாம் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.